நகுல் பண்ணிக் கொடுத்த கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டரின் பின்பக்கத்திலிருந்து வந்த சூடான காற்றில் நகுலின் வாசனை இருந்தது. புதுத் தகரத்தின் நெடியோ, சூடேறிய பிளாஸ்டிக்கின் நெடியோ அல்ல. குளித்துவிட்டு வந்தவனின் கழுத்தோரம் சந்தன சோப்பும் அதற்கடியில் லேசான வியர்வையும் கலந்து அடிக்குமே, சாதனாவுக்கு மட்டும் தெரிந்த அந்த வாசனை. முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. சனிக்கிழமை தவறாமல் கதவைச் சாத்திக்கொண்டு அதோடு மல்லுக்கட்டினானே, ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் கேட்டது ரெடிமேட். வீடுகளுக்கு உள் அலங்காரப் படம் வரைந்து கொடுப்பது அவள் வேலை. பழைய லேப்டாப் திணறியது. கடைக்குப் போனோமா, கட்டி வைத்திருப்பதில் ஒன்றை எடுத்தோமா, வாரண்டியோடு டாக்ஸியில் போட்டுத் திலக் நகர் வீட்டுக்கு வந்தோமா என்று முடித்திருக்கலாம். புருஷன் நகுல்தான் விடவில்லை.

"ரெடிமேட்ல உள்ள என்ன குப்பையைப் போட்டிருப்பான்னு யாருக்குத் தெரியும்? நான் ஒவ்வொண்ணாப் பாத்து வாங்கி, என் கையாலயே அசெம்பிள் பண்ணித் தரேன். என்னை நம்ப மாட்டியா?"

நம்பினாள். ஃப்யூஸ் போடக்கூடத் தெரியாதவன் இதில் இறங்குகிறானே என்று கிண்டல் செய்தாலும் உள்ளுக்குள் பெருமைதான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளுக்கென்று அவன் முனைந்து செய்த முதல் காரியம் அது.

ஆனால் அந்தப் பெட்டி மேஜைக்கு வந்த நாளிலிருந்து நகுல் நகுலாக இல்லை. ஷேவ் செய்யும்போது முணுமுணுக்கும் பாட்டு நின்றுபோனது. கிங்ஸ் சர்க்கிளில் வாங்கிய காப்பிப் பொடியில் சிக்கரி கூடிவிட்டதை அவன் கவனிக்கவேயில்லை. கொதிக்கக் கொதிக்க ஒரே மடக்காகக் குடித்து வைத்தான். துவைக்கப் போட்ட சட்டையை முகத்தருகே பிடித்துப் பார்த்தாள். ஒரு வாசனையும் இல்லை. வியர்வைகூட இல்லை. தினம் லோக்கல் டிரெயினில் இடிபட்டு வரும் மனுஷனின் சட்டை!

வேறு யாரோ ஒருத்தி என்றுதான் தோன்றியது. கேட்டும்விட்டாள்.

"என்கிட்ட எதை மறைக்கறே நகுல்?"

"எல்லாம் பாத்துப் பாத்துதான் பண்ணினேன்," என்றான். கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தமே இல்லை. மறுநாளும் கேட்டாள். அதே பதில், நடுவில் அதே இடத்தில் அதே சின்ன இடைவெளி. பாவி, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பொய் சொல்கிறானே என்று மனசுக்குள் திட்டினாள்.

இன்று விடாத மழை. பட்டப்பகலில் விளக்குப் போடும்படியான இருட்டு. டிரெயின் ஓடவில்லையென்று நகுல் வீட்டிலிருந்தே வேலை பார்த்தான்; ஆபீஸ்காரர் யாருடனோ அவன் போனில் பேசுவது சாத்திய கதவின் வழியாகக் கேட்டது. அறைக்குள் ஈரச் சுவரின் பூஞ்சை நாற்றம், ஜன்னல் தகரத்தில் மழை, எல்லாவற்றுக்கும் அடியில் கம்ப்யூட்டர் ஃபேனின் ஓசை. அந்த ஓசை சீராக இல்லை. ஏறியது. நின்றது. இறங்கியது. மறுபடி ஏறியது. குனிந்து காதை வைத்தாள்.

ஃபேன் இல்லை. மூச்சு.

அப்படி என்னதான் பாத்துப் பாத்துப் பண்ணினான்? ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பக்கத் தகட்டைக் கழற்றினாள்.

உள்ளே எதுவும் இல்லை.

போர்டு இல்லை. ஃபேன் இல்லை. ஒரு வயர்கூட இல்லை. துடைத்து வைத்த காலித் தகரம். மேலே மானிட்டரில் மட்டும் அவள் வரைந்த சமையலறை அசையாமல் ஒளிர்ந்தது.

கையை உள்ளே விட்டாள். போர்வைக்குள் இருக்கும் கதகதப்பு. இன்னும் கொஞ்சம் உள்ளே.

எதுவோ கையைப் பிடித்தது.

"நகுல்!"

ஹாலில் பேச்சு நின்றது. "ஐயோ, திறந்துட்டியா? ஷாக் அடிக்கும்டி! முதல்ல ஸ்விட்சை ஆஃப் பண்ணு!"

எத்தனை நாளாயிற்று இந்தப் பதற்றத்தைக் கேட்டு! அவளுடைய பழைய நகுல். இடது கையால் சுவரிலிருந்த ஸ்விட்சை எட்டினாள்.

உள்ளே பிடி இறுகியது. உதறியது. வேண்டாம், வேண்டாம் என்பதுபோல் அவள் கையை இப்படியும் அப்படியும் ஆட்டியது.

"பண்ணு சாதனா. ஒண்ணும் ஆகாது."

தட்டினாள்.

மானிட்டர் அணைந்தது. மூச்சு நின்றது. பிடி தளர்ந்தது. பயத்தில் இவ்வளவு நேரம் உறைக்காதது அப்போதுதான் உறைத்தது. அவள் விரல்களுக்கிடையே விரல்கள் கோத்திருந்தன. அதில் சுண்டுவிரல் கோணல். பள்ளிக்கூட நாளில் கிரிக்கெட்டில் ஒடிந்து, கோணலாகவே கூடிய சுண்டுவிரல். ரயிலில், தியேட்டரில், ஆஸ்பத்திரி பெஞ்சில் அவள் பிடித்துப் பிடித்துப் பழகிய விரல்.

இவன்தான் நகுல். இத்தனை நாளும் இங்கேதான் இருந்திருக்கிறான். அப்படியானால் ஸ்விட்சை அணைக்கச் சொன்னது யார்?

போட்டாள். அணைத்தாள். மறுபடி போட்டாள். விரல்கள் அசையவில்லை.

ஹாலில் பேச்சு தொடர்ந்தது. நிதானமாக. "ஆங், சொல்லுங்கோ. ஒண்ணுமில்லை. இப்போ கிளியரா கேக்கறது."

கையை வெளியே இழுத்தாள். தெரிந்தது அவள் கை மட்டும்தான். ஆனால் கனத்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கை அதிலிருந்து தொங்கியது. அதன் சூடு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.