கங்கம்மாளுக்கு எடுக்காத சிரிப்பு

‘கட்’ என்ற குரல் கேட்டும் கேமரா கங்கம்மாளின் முகத்துக்குக் கிட்டே வரவில்லை.

காவாந்தண்டலத்துக்கு வெளியே மூடிக்கிடந்த நெல் மில்லில் மூன்று நாட்களாகப் பேய்ப்படம் எடுத்தார்கள். முதல் நாள் கதாநாயகி பிருந்தா பிணமாகப் படுத்தாள். ஷாட் முடிந்ததும் அவளைக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி, அதையும் படம் பிடித்த பிறகே எழுப்பினார்கள். அப்படிச் சிரித்துவிட்டு எழுந்தால்தான் நடித்த சாவு கழியும் என்பது சினிமாக்காரர்கள் வழக்கம். இரண்டாம் நாள் வில்லன் முத்துவேலும் சிரித்துவிட்டுத்தான் எழுந்தார். மூன்றாம் நாள், பிணமாகக் கிடந்து பேயாக எழும் வேஷம். அதற்கு ஏரிக்கரை இருளர் குடியிருப்பிலிருந்து கங்கம்மாளை அழைத்து வந்திருந்தார்கள்.

“பேய்க்கு இந்தக் கலர்தாம்மா வேணும்,” என்று காலையில் டைரக்டர் பாண்டுரங்கன் சொன்னார்.

“எங்க பக்கம் வர்ற பேயெல்லாம் செவப்பா கீது சார். ஜீப்புல வருது.”

யூனிட்டே சிரித்தது. இப்போது லைட்டுகளை அணைத்துக்கொண்டிருந்தார்கள்.

“சார், நான் இன்னும் சிரிக்கலியே.”

“உனுக்கு இன்னாத்துக்கும்மா அதெல்லாம்? ஃபிலிம் கம்மியா கீது. எழுந்து போ.”

“வூட்டுல சின்னப் பொண்ணு கீது சார். ஒரே ஒரு தபா.”

“பேய்க்கே பேய் பயமா?” என்றபடி பாண்டுரங்கன் போய்விட்டார்.

மக்கிய தவிட்டு வாடையும் வௌவால் எச்சத்தின் காரமும் பிணத்துக்குப் போட்ட சாமந்தி மாலையின் வாடல் மணமும் கலந்து அடித்த அந்த இருட்டு மூலையிலிருந்து அவள் தானாகவே எழுந்தாள். பம்ப்செட்டில் முகம் கழுவினாள். சுண்ணாம்புப் பவுடர் வெள்ளையாகக் கரைந்து ஓடியது. தண்ணீர் சில்லென்று இருந்ததா என்று மட்டும் தெரியவில்லை. காலையில் கட்டி வந்த தன் சேலையைக் கேட்டாள். உதவி டைரக்டர் திரும்பவில்லை. பேருந்தில் கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த இரண்டு பெண்கள் எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டார்கள்.

இதெல்லாம் என்றைக்கும் நடப்பதுதான். அதனால்தான் அவளால் எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

மீனா பார்த்துவிட்டால் போதும். நான்கு வயதுப் பிள்ளை. அது பார்த்து ஒருமுறை ‘அம்மா’ என்றுவிட்டால், எல்லாம் வீண் பயம் என்று ஆகிவிடும்.

ஏரிக்கரையில் இறங்கி நடந்தாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கோரைப்புல் உரசும் சத்தம். அதற்குள் இன்னொரு சத்தம். ஈரக்காலடி. அவள் ஓர் அடி வைத்தால், பின்னால் ஓர் அடி. நின்றாள். அது நிற்கவில்லை.

திரும்பிப் பார்க்காமல் ஓடினாள்.

குடிசை வாசலில் மீனா. பார்த்தது. முகம் மலர்ந்தது.

“அம்மா!”

கங்கம்மாள் மண்டியிட்டுக் கையை விரித்தாள். மீனா ஓடி வந்தது. கிட்டே. இன்னும் கிட்டே. தாண்டிப் போய்விட்டது.

பின்னால் ஒரு பெண் குனிந்து பிள்ளையைத் தூக்கினாள். கங்கம்மாளின் சேலை. கங்கம்மாளின் முகம்.

மீனா அவள் கழுத்தில் முகம் புதைத்தது.

அந்தப் பெண் பிள்ளையோடு குடிசைக்குள் போனாள். உள்ளே கணவன் பொன்னனின் குரல்.

“இன்னாடி, சுருக்கா வுட்டுட்டாங்களா?”

“ம்.”

ஓலைத் தட்டி மூடிக்கொண்டது. இடுக்கின் வழியாக ஒரு கை வெளியே வந்து கயிற்றைக் கட்டியது. நடுவிரலில் அரிவாள் வெட்டின் தழும்பு. போன தையில், கங்கம்மாள் கரும்பு வெட்டும்போது பட்டது.

கங்கம்மாள் தன் கையைத் தூக்கிப் பார்த்தாள்.

தழும்பு இல்லை.