மாடி அறைக்கு ஓர் ஆள்

முதல் வருடம் முடிந்ததும் விடுதியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். புதிதாகச் சேர்பவர்களுக்குத்தான் இனி இடமாம். மற்றவர்கள் கூட்டுச் சேர்ந்து வீடு பிடித்துக்கொண்டார்கள். நான் வழக்கம்போல நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்றே கோட்டை விட்டேன். அப்பா போனில் கறாராகச் சொல்லிவிட்டார்.

"இந்த வாரத்துக்குள்ள ரூம் கிடைக்கலன்னா பெட்டியைக் கட்டு. படிச்சது போதும், வீட்டுக்கு வா."

வீட்டுக்குப் போனால் படிப்புக்கு முழுக்குத்தான். அதனால் புரோக்கர் அந்தப் பழைய வீட்டைக் காட்டியபோது எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மாடியில் ஒற்றை அறை. ஒரு கட்டில், ஒரு மரப் பீரோ, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். காயாத தலைமுடியின் வாடை லேசாக அடித்தது. வீட்டுக்கார அம்மா உள்ளே வராமல் வாசலிலேயே நின்று பேசினார்.

"ஒரே கண்டிஷன்தாம்மா. காலி பண்றதா இருந்தா உன் இடத்துக்கு ஒரு ஆளை விட்டுட்டுத்தான் போகணும். ரூம் காலியா கிடக்கக் கூடாது."

மாணவர்களிடம் எல்லா வீட்டிலும் சொல்வதுதானே! பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டிவிட்டேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டேனா, மக்கு!

வந்த புதிதில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஒரு மத்தியானம் அப்பாவிடம் போனில், "சாப்பிட்டேம்பா" என்றேன்.

பீரோவுக்குள்ளிருந்து யாரோ மெல்லச் சொன்னார்கள்.

"சாப்பிட்டேம்பா."

திறந்து பார்த்தேன். என் துணிகள்தான் தொங்கின. தொட்டால் ஈரம்.

அப்புறம் நான் இருமினால் அதுவும் இருமியது. சிரித்தால் சிரித்தது. தொண்டை கட்டியவள் பேசுவதுபோல இருந்த குரல் நாளுக்கு நாள் தெளிந்துகொண்டே வந்தது. பிரமை, பிரமை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒருநாள் வகுப்புத் தோழி சண்டைக்கு வந்தாள்.

"நேத்து சாயங்காலம் போன்ல அவ்வளவு நேரம் பேசிட்டு, இப்ப ஒண்ணும் தெரியாத மாதிரி நடிக்கிறியா?"

நேற்றுச் சாயங்காலம் நான் நூலகத்தில் இருந்தேன். போன் அறையில் சார்ஜில் கிடந்தது.

மானமாவது, ரோஷமாவது! அறைக்கு ஓடிவந்து பெட்டியைக் கட்டிக்கொண்டே அப்பாவைக் கூப்பிட்டேன்.

"வந்து கூட்டிட்டுப் போங்கப்பா. படிப்பே வேணாம்."

"அட, அழறியா என்ன? இரு, இதோ கிளம்பிட்டேன்."

போனை வைத்துவிட்டுக் கதவை இழுத்தேன். தாழ்ப்பாள் திறந்துதான் கிடந்தது. கதவு மட்டும் அசையவில்லை.

கழுத்தில் ஈர முடி உரசியது.

"ஆள் விட்டியா?"

குரல் என்னுடையது.

திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கதவில் நெற்றியை முட்டுக்கொடுத்து எவ்வளவு நேரம் நின்றேனோ, கீழே அப்பா என் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. ஐயோ, அப்போது எனக்கு வந்த அழுகை! அப்பா என்று அலறினேன்.

வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

"இதோ வந்துட்டேம்பா!"

கதவுக்கு அந்தப் பக்கம், படிக்கட்டில். என் செருப்புச் சத்தம் தடதடவென்று இறங்கிப் போனது. என் காலடியில் வைத்திருந்த பெட்டியைக் காணவில்லை.

ஜன்னலுக்கு ஓடினேன். தெருவில் அப்பாவுக்குப் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

"என்னம்மா இது, தலையைத் துவட்டக் கூடாதா? சளி பிடிச்சுக்கப் போகுது" என்று தன் கைக்குட்டையால் அவள் தலையைத் துவட்டினார் அப்பா. என் அப்பா.

ஜன்னல் கதவைப் படார் படாரென்று அடித்தேன். அவர் நிமிர்ந்தார். நேராக என்னைத்தான் பார்த்தார்.

"ஏங்கம்மா," என்று வீட்டுக்கார அம்மாவைக் கூப்பிட்டார். "மேல ஜன்னல் அடிச்சுக்குது பாருங்க. மழை வர்ற மாதிரி இருக்கு, சாத்திடுங்க."

அந்த அம்மா மேலே வந்தார். கதவு அவருக்குச் சட்டென்று திறந்தது. ஓடப் பார்த்தேன், கட்டிலைத் தாண்டிக் கால் நகரவில்லை. அவர் என் பக்கம் பார்க்காமலே ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டார்.

"ஜன்னலைத் தட்டாதம்மா," என்றார் மெதுவாக. "அடுத்த வருஷமும் ரூம் கிடைக்காம யாராவது வருவாங்க."