பின்னல் நனையவில்லை

பட்டாணியின் கொள்ளுப்பாட்டி சாப்பாட்டு மேசையில் கண்ணை மூடி ஜெபம் செய்ய ஆரம்பித்தால், சூப் ஆறிப்போகும்.

முதலில் வீட்டில் இருப்பவர்களுக்காக ஜெபிப்பார். பிறகு வெளியூரில் இருப்பவர்களுக்காக. பிறகு கன்று போட்ட மாட்டுக்காக, நொண்டி நடக்கும் கோழிக்காக, மழைக்காக, அந்த மழை ரொம்பவும் கொட்டிவிடக் கூடாது என்பதற்காக. பட்டாணி ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்ப்பாள். எதிரே அப்பாவும் ஒரு கண்ணை மட்டும் திறந்து ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஆமென்" என்பார் கொள்ளுப்பாட்டி. "அப்பாவும் பொண்ணும் இப்ப அடுத்த கண்ணையும் திறக்கலாம்."

அதெல்லாம் போன மாதம் வரைக்கும். தொண்ணூறு வயதைத் தாண்டிய கொள்ளுப்பாட்டி ஒருநாள் மத்தியானம் நாற்காலியில் சாய்ந்தபடி கண்ணயர்ந்தார். பிறகு எழுந்திருக்கவே இல்லை. இப்போதெல்லாம் சூப்பைச் சூடாகவே குடிக்க முடிகிறது. ஆனால் யாருக்கும் அது பிடிக்கவில்லை.

அன்று கொள்ளுப்பாட்டிக்கு நினைவு ஆராதனை. வயல்களுக்கு நடுவே இருந்த சின்ன பாப்டிஸ்ட் சபையில் உட்கார இடமில்லாமல் கூட்டம். வாசலில் நின்று பாட்டுப் புத்தகம் கொடுப்பது பட்டாணியின் வேலை.

கடைசியாக வந்த பஸ்ஸிலிருந்து ஒரு தாத்தா இறங்கினார். அவர் போட்டிருந்த கோட்டுக்குள் இன்னொரு ஆளும் தாராளமாக நுழையலாம்.

"நீதானே பட்டாணி?" என்று அவர் கேட்ட சத்தத்தில் கூரையிலிருந்த புறாக்கள் படபடவென்று பறந்தன.

பட்டாணிக்கு ஆள் யாரென்று புரிந்துவிட்டது. கொள்ளுப்பாட்டியின் ஒரே தம்பி. மரமில்லில் ரம்பங்களின் இரைச்சலுக்கு நடுவிலேயே வாழ்நாளெல்லாம் வேலை பார்த்ததில் அவருக்குக் காது போய்விட்டது. வீட்டில் எல்லாருக்கும் அவர் மில் தாத்தா.

"காதுல மாட்டுற மிஷின் பஸ்ஸுல எங்கயோ விழுந்துடுச்சு. சீட்டுக்கு அடியில எல்லாம் தேடிப் பாத்துட்டேன், கிடைக்கல. நீ என்ன சொன்னாலும் நான் சும்மா தலையாட்டுவேன். தப்பா எடுத்துக்காதே, கண்ணு!"

பட்டாணியின் சொந்தத் தாத்தா வேகமாக வந்தார். அவர்தான் கொள்ளுப்பாட்டியின் மூத்த மகன். சபைக் காரியங்களைக் கவனிக்கும் டீக்கன் என்பதால் எல்லாரும் அவரை டீக்கன் தாத்தா என்றே கூப்பிடுவார்கள். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரைக்கும் போட்டுக்கொண்டு, சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிப்பவர்.

"மாமா, முன்னாடி வந்து குடும்பத்தோட உக்காருங்க" என்றார்.

மில் தாத்தா தலையாட்டினார். பிறகு நேராகப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

ஆராதனை தொடங்கியது. பாட்டுப் புத்தகங்கள் தீர்ந்துபோகவே பட்டாணியும் கடைசி பெஞ்சில், மில் தாத்தாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒவ்வொருவராக எழுந்து கொள்ளுப்பாட்டியைப் பற்றிப் பேசினார்கள். கொட்டும் மழையிலும் அவர் சபைக்கு நடந்து வந்தது, பூதக்கண்ணாடி வைத்து வேதாகமம் வாசித்தது, யாருக்குக் காய்ச்சல் என்றாலும் பால் செம்போடு வாசலில் வந்து நின்றது...

அப்போதுதான் பட்டாணி அதைக் கவனித்தாள். எல்லாரும் சிரித்து முடித்த பிறகு மில் தாத்தா சிரித்தார். எல்லாரும் கண்ணைத் துடைத்த பிறகு அவரும் கைக்குட்டையைத் தேடினார். அக்கம்பக்கத்து முகங்களைப் பார்த்துப் பார்த்து அதேபோலச் செய்துகொண்டிருந்தார்.

அவருக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை!

'அவரோட அக்காவைப் பத்தித்தானே பேசறாங்க' என்று நினைத்தபோது பட்டாணிக்கு என்னவோபோல் இருந்தது. அவள் பெஞ்சில் முட்டி போட்டு எழும்பி, தாத்தாவின் காதைக் கையால் குவித்துப் பிடித்தாள்.

"தாத்தா, இந்தக் காதுல சொன்னா கேக்குதா?"

மில் தாத்தாவின் முகம் மலர்ந்தது. "கேக்குது, கேக்குது!"

அந்த நேரம் பால்வண்டிக்காரர் பேசிக்கொண்டிருந்தார். "அம்மா ஒரு குரல் குடுத்தாப் போதும். மாடுங்க எல்லாம் வரிசையா வந்து நிக்கும்" என்றார். பட்டாணி அதை அப்படியே காதுக்குள் சொன்னாள்.

"யாரு, அவளா?" என்று மில் தாத்தா கேட்டது சபை முழுக்க எதிரொலித்தது. "ஒரு மாடாவது அவ பேச்சைக் கேட்டிருக்கா? அது பாட்டுக்கு எங்கயோ போகும். இவ பின்னாலயே ஓடி, 'ஆண்டவரே, இதுக்கு நல்ல புத்தி குடுங்க'ன்னு கத்துவா!"

எல்லாத் தலைகளும் திரும்பின. சின்னப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தான் கத்தியது மில் தாத்தாவுக்குத் தெரியவே இல்லை. மெதுவாகச் சொல்லிவிட்ட திருப்தியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

அடுத்து பள்ளிக்கூட டீச்சர் எழுந்தார். "அவங்க ஒருநாள்கூடக் கோபப்பட்டு நான் பாத்ததில்ல" என்றார்.

பட்டாணி உதட்டைக் கடித்துக்கொண்டாள். இதைச் சொல்லலாமா, வேண்டாமா?

"அவங்க என்ன சொல்றாங்க?" என்று மில் தாத்தா அவள் முழங்கையை இடித்தார். பாவமாக இருந்தது. சொல்லிவிட்டாள்.

"கோபமே வராதா? பால் வாளியை எடுத்து என் தலையில கவுத்தவ அவ! நிறைய பால்!"

இந்தத் தடவை பெரியவர்களே சிரித்துவிட்டார்கள். டீக்கன் தாத்தா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து, முகம் சிவக்கப் பின்னால் வந்தார்.

"பட்டாணி, அவரை வெளியே கூட்டிட்டுப் போய் டீ குடு."

"தாத்தா, அவருக்குக் கேக்க மாட்டேங்குது. அதான் நான்..."

"அதான் சொல்றேன். என் அம்மாவுக்கான ஆராதனை இது. எல்லாரும் சிரிக்கறதுக்கு இல்ல. கூட்டிட்டுப் போம்மா."

அவர் குரல் லேசாக நடுங்கியது. அதைக் கேட்ட பிறகு பட்டாணிக்கு எதிர்த்துப் பேச மனம் வரவில்லை. ஆனால் மில் தாத்தாவை எழுப்பவும் மனம் வரவில்லை. கொள்ளுப்பாட்டியைச் சின்னப் பெண்ணாகப் பார்த்தவர் இந்தக் கூட்டத்திலேயே இவர் ஒருவர்தான். இவரையே வெளியே அனுப்பினால் எப்படி?

முன்னால் எல்லாரும் எழுந்து பாட ஆரம்பித்தார்கள். பட்டாணி யோசித்தாள். இவரால் கேட்கத்தான் முடியாது. சொல்ல முடியுமே!

அவள் சுவரோரமாக நடந்து போதகரிடம் போனாள். போதகர் இளைஞர், இந்தச் சபைக்குப் புதியவர்.

"பாஸ்டர் அங்கிள், மில் தாத்தாவுக்கு நாம பேசறது எதுவுமே கேக்கல. அவரை முன்னாடி உக்கார வச்சு, அவரையே பேசச் சொல்லலாமா? கொள்ளுப்பாட்டி என் வயசுல எப்படி இருந்தாங்கன்னு அவருக்கு மட்டும்தான் தெரியும்."

போதகர், முன் பெஞ்சுக்குத் திரும்பியிருந்த டீக்கன் தாத்தாவைப் பார்த்தார். டீக்கன் தாத்தா வேறு எங்கோ பார்த்தார்.

"மாமா எதைச் சொல்வார், எதைச் சொல்லமாட்டார்னு சொல்லவே முடியாது, பாஸ்டர்" என்றார் கடைசியில்.

"உங்க அம்மா சின்ன வயசுல எப்படி இருந்தாங்கன்னு நீங்க கேட்டதுண்டா?" என்றார் போதகர் மெல்ல.

டீக்கன் தாத்தா ஒரு நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து முன்னால் போட்டார்.

மில் தாத்தா லேசில் வரவில்லை. "நானா? நான் சபைப் பக்கம் வந்தே எவ்வளவோ வருஷமாச்சு. எனக்கு ஜெபம் பண்ணவெல்லாம் வராது, கண்ணு!"

பட்டாணி காதில் சொன்னாள். "ஜெபம் வேணாம் தாத்தா. உங்க அக்காவைப் பத்திச் சொல்லுங்க."

அவர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல், ஜன்னலுக்கு வெளியே ஆறு இருந்த பக்கமாகப் பார்த்துப் பேசத் தொடங்கினார்.

"அவளுக்கு ஞானஸ்நானம் குடுத்தது இந்த ஆத்துலதான். அப்ப அவ இந்தப் பட்டாணி உசரம்தான் இருப்பா. நல்ல குளிர்காலம். தண்ணியில கால் வச்சா எலும்பு வரைக்கும் சில்லுனு ஏறும். கோடைக்காலம் வரட்டும்மான்னு எங்கப்பா கெஞ்சினார். கேக்கலையே! 'மனசு இப்பத்தான் தயாரா இருக்கு, இப்பவே இறங்கறேன்'னுட்டா."

மில் தாத்தா ஆற்றுப் பக்கமாகக் கையை நீட்டினார்.

"பழைய பாஸ்டர் அவளைப் பிடிச்சு முழுக்கினார். மேல வந்தா. பல்லு கிடுகிடுன்னு அடிக்குது. கரையில எல்லாரும் பாட ஆரம்பிச்சாச்சு. இவ கரைக்கு வரமாட்டேங்கறா. பின்னலைப் பிடிச்சுத் தூக்கிக் காட்டி, 'பாஸ்டர், என் பின்னல் மிதந்துடுச்சு. நுனி நனையல. இன்னொரு தடவை முழுக்குங்க'ங்கறா!"

முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சு வரைக்கும் சிரிப்பு உருண்டு ஓடியது.

"முழுக்கினாரா?" என்று போதகரே ஆவலாகக் கேட்டார். பட்டாணி அதை மில் தாத்தாவின் காதுக்குள் கொண்டுபோனாள்.

"முழுக்காம? அவ விட்டாத்தானே! பின்னலை அவளே கையில பிடிச்சுக்கிட்டு உள்ள போனா. நான் பொடிப்பய. கரையில நின்னு சிரிச்ச சிரிப்புல கால் வழுக்கித் தொபுக்கடீர்னு நானும் தண்ணிக்குள்ள! மேல வந்து, 'அக்கா, எனக்கும் ஆயிடுச்சு'ன்னேன். 'அதெல்லாம் கணக்குல வராதுடா, நீ ஒழுங்கா இறங்கணும்'னா. போன மாசம் ஃபோன்ல பேசும்போதுகூட, 'எப்படா ஒழுங்கா இறங்கப் போறே'ன்னு கேட்டா. மத்தவங்க பேசறது எதுவும் எனக்குக் கேக்காது. அது மட்டும் நல்லாக் கேக்கும்."

அவர் கைக்குட்டையைத் தேடினார். இப்போது யாருடைய முகத்தையும் அவர் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. கொள்ளுப்பாட்டிக்குப் பாட வருமா? ("சத்தம் வரும்.") எதற்காவது பயப்படுவாரா? ("வாத்துக்கு!") எல்லாக் கேள்விகளும் பட்டாணி வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. அவளுக்குத் தொண்டை கரகரத்தது.

கடைசியாக, டீக்கன் தாத்தா குனிந்து அவளிடம் மெதுவாகக் கேட்டார்.

"அம்மா எப்பவாவது அழுதிருக்காங்களான்னு கேளும்மா. நான் பாத்ததே இல்ல."

பட்டாணி கேட்டாள்.

மில் தாத்தா சற்று யோசித்தார். "ஒரே தடவை. நான் மில் வேலைக்குக் கிளம்பின அன்னிக்கு. ரொட்டி கட்டிக் குடுத்தா. 'போடா, போய் நல்லா இரு'ன்னு சிரிச்சுக்கிட்டேதான் லாரி ஏத்திவிட்டா. லாரி திரும்பற இடத்துல எட்டிப் பாத்தேன். மாட்டோட கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுதுட்டிருந்தா. அந்த மாடு கொஞ்சம்கூட அசையல. என் வாழ்க்கையில ஒரு மாடு அவளுக்காக நின்னு நான் பாத்தது அன்னிக்குத்தான்."

டீக்கன் தாத்தா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். பிறகு பட்டாணியை விலக்கிவிட்டு, மாமாவின் பக்கத்தில் மண்டியிட்டு, அவர் காதைத் தன் கையாலேயே குவித்துப் பிடித்துக்கொண்டார்.

"மாமா, ராத்திரி வீட்டுலயே தங்குங்க. இன்னும் சொல்லுங்க. எனக்கு எல்லாமே தெரியணும்."

"தங்கினாப் போச்சு, மருமகனே!" என்றார் மில் தாத்தா. புறாக்கள் மறுபடியும் பறந்தன.

ஆராதனை முடிந்து எல்லாரும் டீயும் ரொட்டியுமாகப் புல்வெளியில் நின்றார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் கொள்ளுப்பாட்டியின் மாடுகள் மேய்ச்சலை விட்டுவிட்டுக் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. மில் தாத்தா பட்டாணியின் பக்கம் குனிந்தார்.

"உண்மையைச் சொல்லு. உள்ள நான் ரொம்பக் கத்திட்டேனோ?"

பட்டாணி அவர் காதில், கரகரத்த குரலில் சொன்னாள். "ஆமா தாத்தா. அதோ, அந்த மாடுங்களுக்கே கேட்டிருக்கும்."

மில் தாத்தா வேலியோரம் போய், முன்னால் நின்ற மாட்டின் நெற்றியைத் தடவிக்கொடுத்தார்.

"நல்லதாப் போச்சு. இதுங்களும்தானே அவளைத் தேடிக்கிட்டு நிக்குதுங்க" என்றார்.