ஒரு பூனையின் இரண்டு குறிப்புகள்

வீட்டில் நான்கு கணினிகள் மாறிவிட்டன. ஒரு பூனையின் சிகிச்சைக் குறிப்பு மட்டும் இரண்டு பிரதிகளாக இன்னும் இருக்கிறது. திறக்கும்போதெல்லாம் அவளுக்கு மழைச் சத்தம் கேட்கும்...

அன்று கால்நடை மருத்துவமனை வாசலில் நின்று குடையை உதறினாள். அவ்வளவு தண்ணீரும் பின்னால் வந்தவன் முகத்தில். இமைகளில் துளி தொங்க நின்றான், கம்ப்யூட்டர்காரன்.

"குளிச்சுட்டுத்தாங்க வந்தேன்," என்றான்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள் நர்ஸ். டாக்டர், கம்பவுண்டர், அவள் என்று மூவர் எழுதும் குறிப்புகளும் எல்லாக் கணினியிலும் ஒன்றுபோல் தெரிய வேண்டும். அதற்காக வந்த அவன், இருப்பதிலேயே கெட்டிக்கார மென்பொருளாகப் பார்த்துப் போட்டுவிட்டுப் போனான். மூன்றாம் நாள், இடத்தை அடைக்கிறதே என்று கம்பவுண்டர் தன் கணினியில் பழையதை அழித்தார். ஒன்றில் அழித்தது எல்லாக் கணினியிலும் அழிந்து, எல்லோருடையதும் போயிற்று.

"திரையில வந்த எச்சரிக்கையைப் படிச்சுப் பாத்துட்டு அழிச்சிருக்கலாமே," என்றான் திரும்ப வந்த கம்ப்யூட்டர்காரன்.

"அண்ணனைச் சொல்லாதீங்க. உங்களுக்குத் தெரிஞ்சதை வெச்சீங்க. எங்களுக்கு என்ன தெரியும்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் அவள்.

முகம் சிவக்கக் கிளம்பிப் போனான். இரண்டு நாள் ஆளைக் காணோம். அவளுக்கும் வீம்புதான். ஆனாலும் வாசலில் காலடி கேட்டால் தலை தானாக நிமிர்ந்தது...

வந்தான். நேராகக் கம்பவுண்டர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டான். "அண்ணே, நீங்க எப்பவும் எழுதற மாதிரி எழுதுங்க. நான் பாக்கறேன்."

நாலு நாள் பார்த்தான். ஒரே ஃபோல்டர், அழித்தாலும் மீட்க வழி. அப்படி எளிய ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். அழிந்துபோன குறிப்புகளை மருந்துச் சீட்டுகளைப் பார்த்து அவனே தட்டச்சு செய்தான்.

வேலை முடிந்தது. இனி அவன் வர வேண்டியதில்லை. அதுதான் அவளை உறுத்தியது.

"ஒரு சோதனை பாக்கி," என்றான், அவளைப் பார்க்காமல். "நெட்டைத் துண்டிச்சுட்டு ரெண்டு பேரும் ஒரே குறிப்புல எழுதணும். திரும்ப இணைச்சா யார் எழுதினதும் போகக் கூடாது."

அவன் முன்னறையில், அவள் மருந்தறையில். ஜன்னலில் மழை. கால் உடைந்த பூனையின் குறிப்பைத் திறந்தாள். விரல்கள் தயங்கின... எழுதினாள். இணைத்தாள். ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் வந்து நின்றன.

அவளுடையது: 'நாளைக்கும் வருவீங்களா?'

அவனுடையது: 'உங்களைப் பிடிச்சிருக்கு. வேலை இல்லாமலும் வரலாமா?'

இரண்டும் தன் திரைக்கும் வந்துவிட, கம்பவுண்டர் நடுவறையிலிருந்து குரல் கொடுத்தார்: "இதுல எதைம்மா அழிக்கணும்?"

"எதையும் தொடாதீங்கண்ணே," என்று இரண்டு அறைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் பதில் வந்தது.