கைப்பையில் வராத கத்தி

செல்போன் அலறியது.

அவள் கையில் ஊசி. ஊசியின் மறுமுனை ஒரு பெரியவரின் நரம்பில்.

ரத்தம் எடுக்கும்போது போனைத் தொடக் கூடாது என்பது அந்தப் பரிசோதனைக்கூடத்தின் சட்டம். சட்டம் போட்டதே அவள்தான்.

மூன்றாவது முறையாக அலறியபோது, பெரியவரைப் பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு எடுத்தாள்.

"தரைவிரிப்பு கம்பெனி சேல்ஸ்மேன்... அவரோட மனைவிங்களா?"

"ஆமா. நீங்க?"

"போலீஸ் இன்ஸ்பெக்டர் பேசறேன்மா. கொஞ்சம் உட்கார்ந்துட்டுக் கேளுங்க."

அவள் உட்காரவில்லை.

"உங்க வீட்டுக்காரர் இங்க விடுதி ரூம்ல இறந்து கிடக்கறார். காலைல ரூம் சுத்தம் பண்ண வந்தவங்க பார்த்திருக்காங்க. நெஞ்சுல கத்தி. பார்த்தா... அவரே குத்திக்கிட்ட மாதிரிதான் இருக்கு."

பெரியவர் பஞ்சும் கையுமாக அவள் முகத்தையே பார்த்தார்.

"என்னம்மா? என் ரிசல்ட்டா?"

"இல்லைங்கய்யா" என்றாள். "என்னோடது."

* * *

ஒன்றரை மணி நேர விமானப் பயணம். மடியில் ஒரு கைப்பை. அதற்குள் ஒரு மாற்றுத் துணி.

அவள் அழவில்லை. அழ இன்னும் நேரம் வரவில்லை. ஒரே ஒரு கேள்வி மண்டைக்குள் குடைந்துகொண்டிருந்தது.

பன்னிரண்டு வருஷம் கூட வாழ்ந்தவன்... ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் என்னை விட்டுவிட்டுப் போயிருப்பானா?

யாரோ கொன்றார்கள் என்றால் தாங்கிக்கொள்ளலாம். அவனாகவே போனான் என்றால், மிச்ச ஆயுசு முழுக்க அவள் தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றி நிறுத்துவாள். எந்த ஞாயிற்றுக்கிழமை என்ன சொன்னோம், எந்தச் சண்டையில் எந்த வார்த்தை அதிகம் என்று.

விமான நிலையத்தில் தங்கை காத்திருந்தாள். கல்யாணமாகி இந்த ஊரில்தான் இருக்கிறாள். அக்காவைப் பார்த்ததும் ஓடி வந்து கட்டிக்கொண்டு கதறினாள். புருஷனைப் பறிகொடுத்தது யார் என்று பக்கத்தில் நின்றவர்களுக்குச் சந்தேகமே வந்திருக்கும்.

தங்கையின் புருஷன் அவள் கைப்பையை வாங்கி வலது தோளில் மாட்டிக்கொண்டான். சரக்கு வேன் ஓட்டுகிறவன். அதிர்ந்து பேசத் தெரியாதவன்.

"வாங்கக்கா. வேன் அந்தப் பக்கம் நிக்குது" என்றான்.

முதலில் பிணவறை.

துணியை விலக்கினார்கள். அவன்தான். தூங்கும்போது இருக்கும் அதே முகம். காலையில் எழுப்பினால் இன்னும் அஞ்சு நிமிஷம் என்பான். அவள் தோளைத் தொட்டுப் பார்த்தாள். அப்போதுதான் முதல் சொட்டுக் கண்ணீர் விழுந்தது.

* * *

இன்ஸ்பெக்டருக்குக் கடுமையான ஜலதோஷம். மேஜை மேல் கேஸ் கட்டும் கைக்குட்டையும் சரிசமமாகக் கிடந்தன. நடுவில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் ஒரு மடக்குக் கத்தி.

"இது அவரோடதுதானா பாருங்கம்மா."

கொம்புப் பிடி. பிடியில் ஒரு விரிசல். விரிசல் மேல் நெருக்கமாகச் சுற்றிய செம்புக் கம்பி.

"அவரோடதுதான். கம்பி சுத்தினது நான்."

"கைரேகையும் அவரோடதுதான். கதவு சாத்தினா தானா பூட்டிக்கிற ரகம். சண்டை நடந்த அடையாளமே இல்ல." மூக்கை உறிஞ்சினார். "மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா தற்கொலைதாம்மா."

அவள் கத்தியைப் பார்த்தாள். சுவரோரம் வைத்திருந்த கணவனின் கைப்பையைப் பார்த்தாள். மறுபடியும் கத்தியைப் பார்த்தாள்.

"சார்... இந்தக் கத்தி இந்த ஊர்ல இருக்க முடியாது."

"என்னம்மா சொல்றீங்க?"

"ரூம்ல அவர் சாமான் வேற என்ன இருந்தது?"

"அந்தக் கைப்பை மட்டும்தான். ஏன்?"

"அவர் மாசா மாசம் பிளேன்ல இங்க வர்றவர் சார். எப்பவும் ஒரே ஒரு கைப்பைதான். பெட்டி போட்டா இறங்கினதும் பெல்ட்டுகிட்ட அரை மணி நேரம் தவம் கிடக்கணும்னு அலுத்துக்குவார். கைப்பைல கத்தி கொண்டு வர முடியாதுல்ல?"

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை எடுத்தவர் அப்படியே நிறுத்தினார்.

"ஒரு தடவை மறந்துபோய் பழைய கத்திய சட்டைப் பையில வச்சுக்கிட்டு ஏர்போர்ட் போயிட்டார். செக்யூரிட்டில பிடுங்கித் தொட்டில போட்டுட்டாங்க. அவங்கப்பா குடுத்த கத்தி. ரெண்டு நாள் சாப்பாடு இறங்கல அவருக்கு. அப்புறம் நான் வாங்கிக் குடுத்தது இது. அன்னிலேர்ந்து ஊருக்குக் கிளம்பறப்பல்லாம் கத்திய என் கைல குடுத்துட்டுத்தான் செருப்பையே மாட்டுவார்."

"தொழிலுக்குக் கத்தி வேணுமே? விரிப்பு சாம்பிள் வெட்டணும்ல?"

"போற ஊர்ல ஒரு மலிவுக் கத்தி வாங்கிக்குவார். திரும்பறப்போ அதை விடுதில யாருக்காவது குடுத்துட்டு வெறுங்கையோட பிளேன் ஏறிடுவார்."

"நேத்து உங்க கைல குடுத்தாரா?"

"நான் அஞ்சரைக்கே டியூட்டிக்குக் கிளம்பிட்டேன். மத்தியானம் போன்ல கேட்டேன். ட்ராயர்ல வச்சுட்டேன்னு சொன்னார்."

"அப்போ..."

"அப்போ யாரோ எங்க வீட்ல புகுந்து எடுத்து, பெட்டில போட்டு இங்க கொண்டு வந்திருக்காங்க. அவர் தானா சாகல சார். கொலை."

அந்த வார்த்தையைச் சொன்னபோது அவள் முகத்தில் ஒரு நிம்மதி. கொலை என்று சொல்லி நிம்மதிப்படுகிற மனைவியை இன்ஸ்பெக்டர் இருபத்தாறு வருஷ சர்வீஸில் பார்த்ததில்லை.

"வெளில கொஞ்சம் உட்காருங்கம்மா" என்றார். "ரெண்டு போன் போட வேண்டியிருக்கு."

* * *

வெளியே பெஞ்சு. தங்கை ஒரு மூலையில் சுருண்டிருந்தாள். கண் இரண்டும் வீங்கிக் கிடந்தன.

"என்னக்கா சொல்றாங்க?"

"கொலைடி. மாமா என்னை விட்டுட்டுப் போகல."

தங்கையின் முகம் வெளுத்தது.

"வேண்டாங்க்கா... விட்டுடு. போனவர் போயிட்டார். கிளறி என்ன ஆகப் போகுது?"

"நல்லா இருக்குடி நீ சொல்றது. உன் புருஷனா இருந்தா விட்டுடுவியா?"

தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தங்கை புருஷன் காகிதக் கோப்பைகளில் டீ கொண்டு வந்தான். அவளிடம் ஒன்றை நீட்டினான்.

"எதை வச்சு கொலைங்கறீங்கக்கா?"

"கத்திய வச்சுத்தான் தம்பி. அது அவர் கைப்பைல வந்திருக்க முடியாது."

"ஏன்? இத்தனூண்டு கத்தி. மடக்கிப் பையில போட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

"விட மாட்டாங்க தம்பி. மெஷின்ல பையோட எலும்பெல்லாம் தெரியும். அடியில ஏத்தற பெட்டில போட்டாத்தான் கத்தி வரும்."

அவன் கையிலிருந்த டீ தளும்பிச் சட்டையில் கொட்டியது. சுட்டிருக்க வேண்டும். அவன் துடைக்கவில்லை.

"உங்கள உள்ள கூப்பிடறாங்கம்மா" என்றார் ஒரு கான்ஸ்டபிள்.

* * *

"உங்க வீட்டுச் சாவி யார்கிட்டயாவது இருக்கா?"

"எதிர்வீட்டு டீச்சர்கிட்ட ஒண்ணு இருக்கு."

"கூப்பிடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

டீச்சர் வீட்டைத் திறந்தார். பூட்டு உடையவில்லை. ஜன்னல் உடையவில்லை.

"ட்ராயர் காலியா இருக்கும்மா. கத்தி இல்ல."

"பார்த்தீங்களா சார்?" என்றாள்.

இன்ஸ்பெக்டர் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "வேற ஏதாவது காணாம போயிருக்கான்னு கேளுங்க. அவர் அலமாரி..."

"அவர் அலமாரி எப்பவும் பூட்டியிருக்கும் சார்."

"சாவி இதுலயே தொங்குதும்மா" என்றது டீச்சரின் குரல். கதவு கிறீச்சிடும் ஓசை. பிறகு... சத்தமே இல்லை.

"டீச்சர்?"

"கண்ணு... உள்ள ஒண்ணுமே இல்லம்மா. வெறும் ஹேங்கர்தான் தொங்குது."

"குளிர் கோட்டு? வலது பக்கம் ஓரமா..."

"இல்லம்மா."

"பரண் மேல நீலப் பெட்டி?"

"அதுவும் இல்ல கண்ணு."

கொளுத்தும் கோடை இது. மூன்று நாள் வேலைக்குக் குளிர் கோட்டு எதற்கு?

இன்ஸ்பெக்டர் போனை வாங்கி நிறுத்தினார். ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

"விமானக் கம்பெனில விசாரிச்சேன். நேத்து அவர் பேர்ல ஒரு பெட்டி போட்டிருக்கார். நீலப் பெட்டி. இருபத்திரண்டு கிலோ." தயங்கினார். "டிக்கெட் இங்க வர்றதுக்கு மட்டும்தாம்மா எடுத்திருக்கார். திரும்பிப் போறதுக்கு எடுக்கல."

அவள் தாளைப் பார்த்தாள். எழுத்துகள் கலங்கின.

கத்தியை யாரும் திருடவில்லை. அவனேதான் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான். பன்னிரண்டு வருஷத்துப் பெண்டாட்டியை விட்டுவிட்டு வரத் துணிந்தவனுக்கு, அவள் வாங்கிக் கொடுத்த கத்தியை விட்டுவிட்டு வர மனசு வரவில்லை!

சிரிக்க வேண்டுமா அழ வேண்டுமா என்று தெரியவில்லை. அழுகைதான் வந்தது. இன்ஸ்பெக்டர் மேஜை மேலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டி, அது தன்னுடையது என்று நினைவு வந்து இழுத்துக்கொண்டார்.

"நீங்க சொன்னது சரிதாம்மா" என்றார் மெதுவாக. "கொலைதான். பெட்டி வந்திருக்கு. ரூம்ல பெட்டி இல்ல. எடுத்துட்டுப் போனவன் ஒருத்தன் இருக்கான். தற்கொலைன்னு நினைச்சதால வாசல் கேமராவ, அதுவும் ராத்திரி நேரத்துக்கு மட்டும் பார்த்தோம். இப்பத்தான் பின்பக்கக் கேமரா பதிவு வந்தது."

கம்ப்யூட்டரைத் திருப்பினார்.

விடுதியின் பின்படி. மாலை ஆறரை மணி. தொப்பியை முகத்தின் மேல் இழுத்துவிட்ட ஒரு மனிதன், நீலப் பெட்டியைப் படிப்படியாக இறக்கிக்கொண்டிருந்தான். முகம் தெரியவில்லை. தரைக்கு வந்ததும் வலது தோளைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தான்.

மூட்டை தூக்கித் தூக்கி ஏறிப்போன தோள்.

இன்று விமான நிலையத்தில் அந்தத் தோளில்தான் அவளுடைய கைப்பை தொங்கியது.

"யாருன்னு தெரியுதாம்மா?"

தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாரோ திருடன் கொன்றான் என்று ஊர் பேசும். பாவம், தங்கமான மனுஷன் என்று அவள் வீட்டு வாசலில் வந்து அழுவார்கள். காலி அலமாரியைப் பற்றி டீச்சர் வாயைத் திறக்க மாட்டார்.

நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவன் நெஞ்சில் கத்தி இறங்கியபோது, அவன் இன்னும் அவள் புருஷன்தான்.

"தெரியும் சார்" என்றாள். "வெளில பெஞ்சுல உட்கார்ந்திருக்கார்."

* * *

வேன்காரன் மறுக்கவே இல்லை. உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தான். கேட்டதும் சொன்னான்.

"கத்தி மேஜை மேல கிடந்தது சார். ஆப்பிள் நறுக்கிட்டிருந்தார். என்னைப் பார்த்ததும், வாடா, ஒரு துண்டு எடுத்துக்கோன்னார். நான் எதுக்கு வந்திருக்கேன்னு தெரிஞ்சும் சொன்னார். அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல."

"கத்திய துடைச்சு அவர் கைல வச்சது ஞாபகம் இல்லையா? பெட்டிய தூக்கிட்டுப் போனது?"

"பெட்டி அங்க கிடந்தா அவர் வீட்ட விட்டுட்டு வந்தது தெரிஞ்சுடும். பெட்டிய எடுத்துட்டா வழக்கம்போல கைப்பையோட வந்தவர்னு நினைச்சுக்குவாங்கன்னு பார்த்தேன்." தலையைக் குனிந்துகொண்டான். "கத்தி பிளேன்ல வராதுன்னு எனக்கெப்படி சார் தெரியும்? நான் பிளேன்ல ஏறினதே இல்ல."

அவள் அவன் எதிரே வந்து நின்றாள்.

"ஏன் தம்பி? அவர் விட்டுட்டு வந்தது என்னைத்தானே? அழ வேண்டியவ நான். உங்களுக்கென்ன வந்தது?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் வந்திறங்கியதிலிருந்து இப்போதுதான் முதல் முறையாக அவள் கண்ணைப் பார்த்தான்.

"பெட்டி என் வேன்லதான் இருக்கு. திறந்து பாருங்கக்கா. பாதித் துணிதான் அவரோடது."

"மீதி?"

அவன் கதவின் கண்ணாடி வழியாகப் பெஞ்சைப் பார்த்தான்.

அங்கே தங்கை இன்னும் அழுதுகொண்டிருந்தாள். காலையிலிருந்து ஓயாத அழுகை. அக்காவுக்காக இப்படி உருகுகிறாளே என்று கான்ஸ்டபிள்கூட இரக்கப்பட்டு ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்திருந்தார்.

"நேத்து மத்தியானம் ஒரு பையோட கிளம்பினா" என்றான் வேன்காரன். "பின்னாடியே போனேன். விடுதிக்குள்ள பையோட போனவ வெறுங்கையோட வந்தா. அந்தப் பையும் பெட்டிக்குள்ளதான் இருக்கு. இன்னிக்குக் காலைல ரெண்டு பேரும் வேற ஊருக்குக் கிளம்பறதா இருந்தாங்கக்கா."

அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். பெஞ்சில், தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையை ஓங்குவாள் என்று கான்ஸ்டபிள் எழுந்து நின்றார். அவள் ஓங்கவில்லை.

"எத்தனை நாளா?"

தங்கை முகத்தை மூடிக்கொண்டாள். விரலிடுக்கு வழியாகக் குரல் வந்தது.

"ரெண்டு வருஷம்... உன்கிட்ட சொல்லிடறேன், சொல்லிடறேன்னுதான் மாமா சொல்லிட்டிருந்தார்."

இரண்டு வருஷம். இருபத்து நான்கு பயணம். நேற்று தவிர ஒவ்வொரு முறையும் டாக்ஸி திரும்பும் வரை வாசலில் நின்று கையாட்டியிருக்கிறாள். தங்கச்சி வீட்டுக்கும் ஒரு எட்டுப் போய்ப் பார்த்துட்டு வாங்க, பாவம், சொந்தம் யாருமில்லாத ஊர்ல இருக்கா என்று சொல்லி அனுப்பியதும் அவளேதான்.

நெஞ்சில் எந்த இடம் என்று தெரியாமல் எங்கோ வலித்தது. வாய்விட்டு அழுதாள். பக்கத்தில் தங்கையும் அழுதாள். ஒரே ஆளுக்காக இரண்டு பேரும் ஒரே பெஞ்சில்.

* * *

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"ஒரு நிமிஷம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். "கேஸ் முடிஞ்சதும் அவர் சாமானெல்லாம் மனைவிங்கற முறைல உங்களுக்குத்தான் வரும். துணிமணி, வாட்ச், இந்தக் கத்தி... எந்த விலாசத்துக்கு அனுப்பட்டும்?"

"எனக்கு வேண்டாம் சார். என் தங்கச்சிகிட்டயே குடுத்துடுங்க."

"அவங்ககிட்டயா?"

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"சின்ன வயசுலேர்ந்தே எங்க வீட்ல அப்படித்தான் சார். நான் உடுத்திப் பழசானதெல்லாம் அவளுக்குத்தான்."