இட்செலின் மூன்று மணி

மருந்துக்கடைக் கம்பிக்குப் பின்னால் நின்ற கிழவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா இட்செல், இப்பத்தானே வாங்கிட்டுப் போனே? கால் மணி நேரம்கூட ஆகல."

"நானா? இப்பத்தான் வரேன், ஐயா."

"எனக்குக் கண்ணு அவிஞ்சு போகல. ஆளுக்கு ஒன்னுதான். பின்னால நிக்கறவங்களுக்கு வழி விடு."

யாரியெலா வாதாடவில்லை. வாதாடினால் அட்டையிலிருக்கும் படத்தை உற்றுப் பார்ப்பார். அட்டை அவளுடையதல்ல, மூன்று வாரத்துக்கு முன் செத்துப்போன அக்கா இட்செலுடையது.

பனாமா நகரத்தில் கொரோனா ஊரடங்கின் அந்த மாதங்களில் வெளியே கால் வைப்பதற்கு அடையாள அட்டையின் கடைசி எண்தான் அனுமதி. பெண்களுக்குத் திங்கள், புதன், வெள்ளி. ஏழில் முடிந்தால் காலை ஏழு மணியையொட்டி, மூன்றில் முடிந்தால் பிற்பகல் மூன்றையொட்டி, இரண்டு மணி நேரம். யாரியெலாவின் ஏழு மணிக்கு வரிசை தெருமுனையைத் தாண்டி நிற்கும். அவள் முறை வருவதற்குள் நேரம் தீர்ந்துவிடும். வீட்டில் ஆறு வயது மகள் அனையான்சிக்கு மூச்சிரைப்பு, இன்ஹேலர் நேற்றே காலி. இட்செலின் உடல்கூட ஆஸ்பத்திரியிலிருந்து வரவில்லை, தொலைபேசியில் ஒரு செய்திதான் வந்தது. மூன்றில் முடியும் அவள் அட்டை மட்டும் மேசையில் கிடந்தது. முகக்கவசம் போட்டால் அக்காவும் தங்கையும் ஒரே அச்சு. செத்தவளுக்கு எதற்கு இரண்டு மணி நேரம் என்று எடுத்துக்கொண்டாள். அது தவறென்று அவள் நினைக்கவில்லை. பிள்ளைக்கு மருந்து வாங்கவும் நேரம் குறிக்கிற இந்தப் பாழாய்ப்போன ஊர்தான் தவறு.

வெறுங்கையோடு திரும்பினாள். எப்போதும் பேருந்து ஹாரனும் வியாபாரிகளின் கூச்சலும் காதைப் பிளக்கும் அந்த அகன்ற வீதியில், இறக்கிய இரும்புக் கதவுகளில் வெயில் தகதகக்க, வாசற்படிகளில் ஊற்றிய குளோரின் மூக்கை எரிக்க, பிணந்தின்னிக் கழுகுகள் நடுத்தெருவில் சாவகாசமாக நடந்துகொண்டிருக்க, அவளுடைய செருப்புச் சத்தத்துக்கு முன்னால் இன்னொரு செருப்புச் சத்தம் போய்க்கொண்டிருந்தது. ஆளைக் காணோம், சத்தம் மட்டும்தான். வலது காலை லேசாக இழுத்து வைக்கும் நடை. இட்செல் அப்படித்தான் நடப்பாள்.

சந்திப்பில் போலீஸ்காரி மறித்தாள்.

"இந்த அட்டை இப்பத்தான் என்னைத் தாண்டிப் போச்சு. என்ன, விளையாடறியா?"

"வீட்டுல குழந்தை தனியா இருக்குங்க. விட்டுடுங்க."

"ஓடு. இன்னொரு தடவ பாத்தேன், உள்ள தள்ளிடுவேன்."

யாரியெலா ஓடினாள். கட்டடத்தின் இரண்டாம் மாடியிலிருந்து கிரிசெல்டா அம்மாள் எட்டிப் பார்த்தாள். இட்செல் இருமிய நாள்முதல் மாடிப்படியில் வாளி வாளியாகக் குளோரின் ஊற்றுகிறவள்.

"மறுபடியுமா? எத்தனை தடவடி ஏறுவ, நோயைச் சுமந்துக்கிட்டு?"

"நான் இப்பத்தான் வரேன்!"

"பொய்யி. கொஞ்சம் முன்னதான் ஏறுன. பையில மருந்து வேற. கூப்புட்டா திரும்பிக்கூடப் பாக்கல."

யாரியெலா படிக்கட்டுக்குள் பாய்ந்தாள். கைப்பிடியைப் பிடித்து ஏறினாள். முதல் மாடி. இரண்டு. படியில் ஈரக் காலடிகள். மேலே போனவை. இறங்கியவை இல்லை.

மூன்றாம் மாடி. அவள் வீடு.

கதவு சங்கிலி நீளத்துக்குத் திறந்திருந்தது. இடுக்கில் அனையான்சி நின்றாள்.

"யாருக்குடி திறந்தே?"

"நான் திறக்கலம்மா. பெரியம்மாகிட்ட சாவி இருக்கு."

ஆஸ்பத்திரி வாடை வந்தது. அதற்கடியில் வேறு ஏதோ. இனிப்பாக. கெட்டுப்போன வாடை.

"கண்ணு, சங்கிலியை எடு. அம்மாகிட்ட வா."

"வேணாமாம். மருந்து குடுத்தாங்க. இப்ப எனக்கு இழுக்கவே இல்லம்மா."

யாரியெலா காது கொடுத்தாள். ஆறு வருடமாகச் சுவரைத் தாண்டிக் கேட்ட அந்த விசில் சத்தம் இல்லை. ஒரு சத்தமும் இல்லை.

மகளின் தலைமேல் பின்னாலிருந்து ஒரு கை வந்து படிந்தது. நீலம் பாரித்த விரல்கள். மணிக்கட்டில் ஆஸ்பத்திரிப் பட்டை. கை மெல்லத் தலையைத் தடவிக்கொடுத்தது.

"மூச்சே விட வேண்டாமாம்மா," என்றாள் அனையான்சி. "பெரியம்மா சொல்லிக் குடுத்துட்டாங்க. ரொம்ப ஈஸி."

மகள் சிரித்தாள். பேசிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் உள்வாங்கித் துடிக்கும் அந்தச் சின்னக் கழுத்துக்குழி அசையாமல் இருந்தது.