நடுவாற்றில் வாங்கிய கீறல்

வெள்ளாற்றில் ஐப்பசி வெள்ளம் இருகரையும் தொட்டுப் புரண்டோட, அதன்மேல் அந்தி நிலா பால் வார்த்துக்கொண்டிருந்த எழிலை நான்கு பக்கம் வர்ணிக்க எனக்கும் ஆசைதான், அன்பர்களே! ஆனால் ஆற்றின் நடுவே நின்றுபோன அந்த ஓடத்தைக் கண்ட பிறகு வர்ணனையாவது, மண்ணாவது!

ஓடத்தில் பூவணி என்னும் இளநங்கை, ஜுரத்தில் நினைவிழந்த தன் அன்னையை மடியில் கிடத்தியிருந்தாள். வைத்தியர் இருந்ததோ அக்கரையில். ஓடத்துக்கு உடையவரான கொற்றங்குடி கிழார் எதிரே அமர்ந்து ஓர் ஓலையை நீட்டினார்.

"ஆயுள் முழுதும் என் மாளிகையில் அடிமை செய்வதாக எழுதியிருக்கிறது. உன் கையெழுத்தைக் கீறிக் கொடு, ஓடம் நகரும்."

"ஐயா, முதலில் அம்மாவைக் கரை சேருங்கள். உங்கள் காலில் விழுகிறேன்!"

"அவசரம் உனக்குத்தான் பெண்ணே, எனக்கில்லை."

அன்னைக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. பூவணி பல்லைக் கடித்துக்கொண்டு எழுத்தாணியால் கீறினாள். ஓடக்காரன் ஒரு வார்த்தை பேசாமல் கோலை ஊன்றினான். பாவி, இவனும் ஒரு மனிதனா! அவளுக்கு மட்டுமா, எனக்கும் அவன்மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அக்கரையில் வைத்தியர் கஷாயம் புகட்டி, "பிழைத்துக்கொள்வார்" என்று சொன்னதுதான் தாமதம், கிழார் பூவணியின் கையைப் பற்றினார்.

"கையை விடும்!" என்றான் ஓடக்காரன். "ஊர் மன்றத்தில் உரக்கப் படித்து, மனமொப்பிக் கீறியதே அடிமை ஓலை. நடுவாற்றில் நிறுத்தி அச்சுறுத்தி வாங்கியது செல்லாது."

கிழார் கடகடவென்று சிரித்தார். "கோல் ஊன்றுகிற பயலே! நீ சொல்வதை அறங்கூறவையத்தில் யாரடா கேட்பார்கள்?"

"நான்தான் கேட்பேன்." தலைப்பாகைக்குள்ளிருந்து அரச முத்திரை மோதிரம் வெளிப்பட்டது. "அவ்வவையின் புதிய தலைவன், ஆச்சன் விடங்கன்."

கிழாரின் முகத்தில் ஈயாடவில்லை. விடங்கர் கைதட்டியதும் துறையில் காத்திருந்த வீரர்கள் வந்து கிழாரையும் ஓலையையும் கொண்டுபோனார்கள்.

"தெரிந்தே என்னைக் கீற விட்டீரே! இது நியாயமா?" என்று பூவணி சீறினாள்.

"நியாயமில்லைதான். தடுத்திருந்தால் தங்களை மட்டுமே காத்திருப்பேன், தேவி. இப்படியே சிக்கிய பெண்கள் அந்த மாளிகையில் இன்னும் இருக்கிறார்கள். வாய்திறக்க அஞ்சுகிறார்கள். அதனால் கண்ணால் கண்ட சாட்சியும் கையில் ஓலையும் வேண்டியிருந்தது. நாளை நான் நீதியாசனத்தில் அமரப் போவதில்லை. கீழே நின்று தங்களுக்குச் சாட்சி சொல்வேன். அவர்கள் அத்தனை பேரும் வீடு திரும்பும்வரை அந்த ஆசனத்தில் ஏறேன். இது ஆணை!"

அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் பூவணிக்கு வந்தது. அப்பாடா என்று வாய்விட்டு அழுதாள்.